பூசணம் பிடிக்காத சோளம்

மாரிச்செல்வி வீட்டில் பூசணம் என்றால் ஒரே அர்த்தம்தான்: பொம்பளை சரியில்லை. நெல்லில் பிடித்தாலும் ஊறுகாயில் பிடித்தாலும் பதில் சொல்ல வேண்டியவள் அந்த வீட்டுப் பொம்பளை. அந்தக் கெட்ட பெயர் வாங்காமல் இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவள் முருகம்மாள். அவள் பெற்ற மகள் மாரிச்செல்வி, அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாக டிகிரி வாங்கியவள், மூன்று வருடம் நுண்ணுயிரியல் படித்துவிட்டு சொந்த ஊரான இலஞ்சிக்குத் திரும்பி வந்து, தின்கிற தானியத்தை அவித்துப் பையில் அடைத்து, அதில் வேண்டுமென்றே பூசணம் பிடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இதை முருகம்மாளால் தெருவில் சொல்ல முடியவில்லை. பாப்பா ஆன்லைனில் என்னமோ படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தாள்.

“பூசணம் இல்லம்மா, காளான் விதை.”

“வெள்ளையா இருக்குமா?”

“இருக்கும்.”

“நூலு நூலாப் படருமா?”

“படரும்.”

“பெறகு என்னட்டி? பேரை மாத்திட்டா ஆச்சா?”

படித்த படிப்பின்படி பார்த்தால் காளானும் பூசண வகைதான், அம்மா சொன்னதில் பெரிய தப்பு இல்லை. மாரிச்செல்விக்கு எரிச்சலே அதுதான்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் மெஸ் நடத்தும் ஹைருன் பீவி, ஆனி முடிவதற்குள் முதல் கூடை சிப்பிக்காளான் கொண்டுவந்தால் சீசன் முடிகிறவரை தினம் ஐந்து கிலோ எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். கொண்டுவராவிட்டால் மாரிச்செல்விக்கு வேறு வேலை தயாராக இருந்தது. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு ஆள் எடுத்தார்கள். அப்பா பேசி முடித்துவிட்டார். அவள் ஒருநாள் போய்ப் பார்த்தாள். சேலை விரித்துக் காட்டும் பெண்கள் உட்காருவதற்குச் சட்டப்படி ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது.

காளானுக்கு விதை என்று தனியாக ஒன்றும் கிடையாது. அவித்த தானியத்தில் காளானின் வெள்ளை நூலைப் படரவிட வேண்டும். படர்ந்த தானியத்தை வைக்கோலில் தூவினால் காளான் முளைக்கும். வெளியூரில் வாங்கும் விதை கூரியரில் வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிடுகிறது, விலையும் கட்டுப்படியாகவில்லை. வீட்டில் செய்தால் செலவு தானியத்துக்குத்தான். எந்தத் தானியம் என்பதுதான் கேள்வி.

கால் கால் கிலோவாக வாங்கிப் பார்த்தாள். ரேஷன் கோதுமை அவித்ததும் கொழகொழத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மக்காச்சோளம் பருமன், ஒரு பைக்குள் மணிகள் கொஞ்சம்தான் இருந்தன. கம்பு நன்றாகத்தான் வந்தது, விலை கேட்டால் தலை சுற்றியது. நெல் வீட்டிலேயே இருந்தது, ஆனால் நெல் மூட்டைமேல் அம்மா இருந்தாள். கடைசியில் வெள்ளைச் சோளம்தான் கச்சிதமாக அமைந்தது. அதுவும் எங்கே கேட்டாலும் கிலோ ஐம்பதுக்குக் குறையவில்லை.

தென்காசியில் காந்திமதிநாதன் அண்ணாச்சி கடையில் மட்டும் இருபத்தெட்டு.

“ஏன் அண்ணாச்சி இவ்வளவு கம்மி?”

“போன வருசத்துச் சரக்கு. கழுவிக் காய வச்சது. உனக்கு வேணுமா, இல்ல விசாரணைக்கு வந்தியா?”

விற்கிறவன் எதற்குத் தானியத்தைக் கழுவ வேண்டும் என்று அப்போது அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பேரம் பேசாமலே மலிவாகக் கிடைத்துவிட்ட மிதப்பு. இருபது கிலோ வாங்கினாள். அவித்தாள், உலர்த்தினாள், நாற்பது பைகளில் அடைத்துக் குக்கரில் வேகவைத்து, ஏற்கெனவே நூல் படர்ந்த தாய் விதையில் கொஞ்சம் போட்டு, இருட்டறையில் அடுக்கினாள்.

மூன்றாம் நாள் நூல் தெரிய வேண்டும். தெரியவில்லை. எட்டாம் நாளும் இல்லை. பன்னிரண்டாம் நாள் நாற்பது பைகளும் அடைத்த அன்று இருந்த மாதிரியே இருந்தன. தாய் விதையைச் சந்தேகப்பட்டாள், குக்கரைச் சந்தேகப்பட்டாள், தன் கையைச் சந்தேகப்பட்டாள். முருகம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு பொட்டுப் பூசணம் இல்ல. இப்பதாம்ட்டி உனக்குப் பொம்பளப்பிள்ள லட்சணம் வருது.”

மூன்று வருடம் கல்லூரிக்குப் போனதற்கு அம்மா முதன்முறையாகப் பாராட்டினாள். மாரிச்செல்வி பையைத் திரும்ப வாங்கினாள். அம்மா சொன்னதுதான் அவள் மண்டையில் ஏறிக்கொண்டிருந்தது. காளான் வரவில்லை, சரி. பச்சைப் பூசணமாவது வந்திருக்க வேண்டுமே? வெளியே நாலு நாளாகச் சாரல். அப்பாவின் பெல்ட்டில் பூசணம், செருப்பில் பூசணம், பிரிட்ஜ் கதவின் ரப்பரில் பூசணம், லேமினேட் செய்த டிகிரி சர்டிபிகேட்டின் ஓரத்தில்கூட. இந்த வீட்டில் பூசணம் பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது நல்ல பொருளாக இருக்க முடியாது.

மிச்சமிருந்த சோளத்தில் ஒரு கை எடுத்து நனைத்து ஒரு தட்டில் பரப்பினாள். பக்கத்தில் இன்னொரு தட்டில் ரேஷன் கோதுமை. இரண்டையும் ஜன்னலில் வைத்தாள். நாலாம் நாள் கோதுமைக்குத் தாடி முளைத்திருந்தது. சோளம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. அப்பாவின் வெள்ளைத் துண்டை நனைத்து ஒவ்வொரு மணியாக அழுத்தித் தேய்த்தாள். மணிகளின் கீறலுக்குள்ளிருந்து ரோஸ் கலர் வந்தது.

விதைப்புக்காக மருந்து தடவிய சோளம். பூசணத்தைக் கொல்வதற்கென்றே தடவுகிற மருந்து. யாரும் தின்றுவிடக் கூடாது என்றுதான் அதற்குச் சாயம் போடுகிறார்கள். அந்தச் சாயத்தைத்தான் அண்ணாச்சி கழுவியிருந்தார்.

மறுநாள் காலையில் துண்டையும் தட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். மஞ்சள் பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அண்ணாச்சி தராசில் சோளம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, நீங்க குடுத்தது விதைச் சோளம். மருந்து போட்டது.”

“யாரு சொன்னா?”

“பூசணம் சொல்லிச்சு.”

அவர் துண்டைப் பார்த்தார். கல்லாவைச் சுற்றி வந்து, குரலைத் தாழ்த்தினார். “மெதுவாப் பேசு தாயி. நீ திங்கதுக்கா வாங்குன?”

“நான் திங்கல. இந்த அக்கா?”

“அவங்க சோலி அவங்களுக்கு. உள்ள ஒசந்த சோளம் இருக்கு. இருபதுக்கு நாப்பதா எடுத்துக்கோ, துட்டு வேண்டாம். ஆட்டோல ஏத்திவிடுதேன். இன்னைக்கே உன் வேலையப் பாரு. இந்தத் தெருவுல இன்னும் மூணு கடை இருக்கு. ஒண்ணு என் மச்சினன், ஒண்ணு சகலை, ஒண்ணு சித்தப்பா மகன். நான் சொல்லாம உனக்கு ஒரு மணி கிடைக்காது, பாத்துக்கோ.”

அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நாற்பது கிலோ. இன்றைக்கே அவித்தால் ஆனி கடைசி நாளில் ஒரு கூடை கையில் இருக்கும். ஹைருன் பீவியின் ஆர்டர் நிற்கும், ஜவுளிக்கடை இல்லை. அந்தப் பெண் மஞ்சள் பையின் வாயை விரித்துப் பிடித்தாள்.

“அக்கா, அது விஷ மருந்து போட்ட சோளம். வாங்காதீங்க.”

பையின் வாய் மூடியது. “எங்க வீட்டுக்காரருக்குச் சுகர்மா. தோசைக்கு. கழுவுனாப் போயிராதா?”

“கழுவித்தான் வச்சிருக்காரு.”

“நீ யாரு, டாக்டரா?”

“பூசணம் வளக்கேன்.”

அந்தப் பெண் இரண்டடி பின்னால் போனாள், சோளத்தை விட்டும், மாரிச்செல்வியை விட்டும். பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். எதிர்க்கடை சகலையுடையது.

“அங்கனயும் துணியை நனைச்சுத் தேச்சுப் பாருங்க!” என்று மாரிச்செல்வி கத்தினாள்.

“பொட்டப்பிள்ளைகளப் படிக்க வச்சா இதான்” என்றார் அண்ணாச்சி.

“படிக்காம இருந்தா தோச சுட்டுத் தின்னுருப்போம் அண்ணாச்சி.”

கலெக்டர் ஆபீசுக்குப் போய் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். ஒரு பிடி சோளத்தையும் பொட்டலம் கட்டி ஒட்டிக் கொடுத்தாள். ரசீது தந்தார்கள். அங்கிருந்து குற்றாலம் பஸ் ஏறினாள்.

மெஸ் வாசலில் புதுசாகப் பெயிண்டு அடித்த பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தது: ‘காளான் பிரட்டல் கிடைக்கும்’. ஹைருன் பீவி பரோட்டாவுக்கு மாவு பிசைகிறவனை ஏசிக்கொண்டிருந்தாள். மாரிச்செல்வி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஹைருன் பீவி நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நாப்பது கிலோ சும்மா தாரேன்னானா?”

“ஆமாக்கா.”

“நானா இருந்தா சோளத்த வண்டில ஏத்துன பெறகு சொல்லியிருப்பேன்.”

மாரிச்செல்விக்கு இது தோன்றவே இல்லை. படிப்பில் இப்படி ஒரு பாடம் இல்லை.

“ஆனிக்குள்ள வராதுக்கா. ஆடி மொத வாரம் ஆயிரும்.”

“சீசன் உனக்காவப் பாத்துக்கிட்டு நிக்காது பிள்ள.”

“தெரியும். நீங்க போர்டு வேற எழுதிட்டீங்க.”

ஹைருன் பீவி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். “கிடைக்கும்னுதான போட்டிருக்கு? என்னைக்குன்னு போடலையே.” மாவுக் கையைத் துடைத்தாள். “ஆடி அமாவாசைக்குக் குளிக்க வாரவுக கறி திங்க மாட்டாவ. அதுக்கு முந்திக் கொண்டா. ஆனா அஞ்சு கிலோ எடுக்க மாட்டேன், மூணுதான். அதுவரைக்கும் டப்பாக் காளான் வாங்கப் போறேன். டப்பாக்காரன் சரக்கு நல்லா ஓடிட்டா எங்கிட்ட அழக் கூடாது.”

“அழ மாட்டேன். எங்கப்பா கேட்டா ஆர்டர் இருக்குன்னு சொல்லுவீங்களா?”

“ஜவுளிக்கடையில நின்னா காளானை யாரு வளப்பா? போனைப் போட்டுக் குடு, இப்பவே சொல்லுதேன்.”

அப்பா போனில் எட்டு முறை சரி சொன்னார். பெரிய ஆட்கள் பேசினால் அவர் அப்படித்தான்.

மறுநாள் மாரிச்செல்வி சுரண்டைக்குப் போனாள். தென்காசிக் கடைத்தெருவில் இனி அவளுக்குத் தானியம் கிடையாது. சந்தைக்குப் பக்கத்தில் முதல் கடையில் சோளம் ஐம்பத்திரண்டு. கையில் அள்ளிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இதுல பூசணம் பிடிக்குமா?”

கடைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். “நம்ம கடைச் சரக்கா? ஆறு மாசம் நனைய வச்சாலும் பிடிக்காதும்மா.”

“அப்ப வேண்டாம்.”

இரண்டாவது கடைக்காரர் பிடிக்கவே பிடிக்காது என்றார். மூன்றாவது கடைக்காரர் சத்தியம் பண்ணப் போனார், அவள் பண்ணவிடவில்லை. நாலாவது கடையில் குத்தாலிங்கம் என்ற ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது. சாக்கைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

“பொய் சொல்லப்படாது. சாரக்காத்து பட்டா மூணு நாள்ல பிடிச்சிரும் தாயி. வீட்டுக்குன்னா கொஞ்சமா வாங்கிக்கோ.”

“இருபது கிலோ போடுங்க” என்றாள் மாரிச்செல்வி.