பத்துத் தடவை ஏறியவள்

திண்டிவனத்தில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவன் தென்னரசு. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவன் கடையைச் சாத்தினது மூணே தடவை. மூணும் சாவுக்கு. நாலாவதாக, ஐடிஐயில் கூடப் படித்த மாசிலாமணி கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு காரில் வந்து இறங்கியதற்காகச் சாத்தினான்.

"உங்க ஊர்ல பாக்க என்னடா இருக்குது?" என்று மாசிலாமணி கேட்டதும் இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பெருமுக்கல் மலை இருக்குதுடா. உச்சியில கோயிலு. பாத்துட்டு வந்து பேசு."

உள்ளே புளிசாதம் கிளறிக்கொண்டிருந்த தென்னரசின் மனைவி மலர்விழி காதிலும் அது விழுந்தது. அந்த மலையடிவார மானாவாரிக் கொல்லைகளில்தான் அவள் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆயும் கூலிவேலைக்குப் போகிறாள். குனிந்தால் செடி, நிமிர்ந்தால் மலை. ஒருநாள் மேலே கூட்டிக்கினு போ என்று புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே அவன் தள்ளிவிட, கேட்பதை எப்போதோ விட்டுவிட்டாள்.

காரில் மாசிலாமணி, அவன் மனைவி இளவரசி, ரெண்டு பிள்ளைகள், தென்னரசு. நெருக்கினால் இன்னும் ஓர் ஆள் உட்காரலாம். மலர்விழி சோற்று டப்பாவை நீட்டினாள்.

"போயிட்டு வா மாமா. எனக்கு வேலை கெடக்குது."

நீயும் வாயேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டான்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. பாறைச் சுனையில் பிள்ளைகள் கால் நனைத்தார்கள். தென்னரசு கை நீட்டி நீட்டி ஊரைக் காட்டினான். அவனே பள்ளிக்கூட நாளில் ஒரு தடவை ஏறியதுதான்.

"அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேண்ணா?" என்றாள் இளவரசி.

"அவ பத்து தடவ ஏறியிருக்காம்மா. அலுத்துப்போச்சு அவளுக்கு."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. கீழே கொல்லைகளில் புள்ளி புள்ளியாக ஆட்கள் குனிந்திருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கினான்.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இளவரசிக்கு மலைப்பேச்சு அடங்கவில்லை.

"சுனைத்தண்ணி என்ன சில்லுனு இருக்குதுக்கா! நீங்கதான் பத்து தடவ போயிருக்கீங்களாமே, வெயில் காலத்துலயும் அப்படியேதான் இருக்குமா?"

தென்னரசு குனிந்து சோற்றைப் பிசைந்தான். மலர்விழி கரண்டியும் கையுமாக அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"இருக்கும் தங்கச்சி. எப்பவும் சில்லுனுதான் இருக்கும்" என்று சொல்லி, அவன் தட்டில் ரசம் ஊற்றினாள்.

கார் தெருமுனை திரும்பியதும் அவன் வாயைத் திறந்தான். "மலரு, நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான்..."

"நெஜமாவே சில்லுனு இருக்குமா மாமா?"

கோபமில்லை, குத்தலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். பாதி மலையில் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஈர மண்ணில் வருஷக்கணக்காகக் குந்திய முட்டி. வலிக்குது என்று சொன்னபோதெல்லாம் தைலம் தேய் என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பியவன்தான் அவன்.

"நீ ஏறிப் பாத்துட்டு வா. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

"மெதுவா ஏறலாம் மலரு. நான் புடிச்சிக்கிறேன்."

"முடியல மாமா. கல்யாணமான புதுசுன்னா ஓடியே ஏறியிருப்பேன்."

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கோயிலுக்கு வந்த ஒரு கூட்டம் இவர்களைத் தாண்டி மேலே போனது.

"மன்னிச்சிக்க மலரு."

"அந்தப் பொய்க்கா? அத அன்னைக்கே உட்டுட்டேன்."

வேறு எதைப் பற்றியும் அவள் சொல்லவில்லை. அவனுக்கும் கேட்கத் தைரியமில்லை. வெயில் உறைக்க ஆரம்பித்ததும் எழுந்து, ஒரு படி கீழே நின்று தோளைக் கொடுத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.