தபாலாபீஸ் படியில் விழுந்த நிழல்

நகரசபைக் கூடத்தில் பன்னிரண்டு ஓவியங்கள் வரிசையாகத் தொங்கின. பழைய பாலம், ரயில் நிலையம், மணிக்கூண்டு என்று ஊர் பெயர் சொல்லும் இடங்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அதன் கதையை ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தாள் ஓவியக்காரி. வந்தவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. அண்ணன் வருவாரா என்று கண் வாசலிலேயே கிடந்தது.

மணிக்கூண்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர் அவர்தான். ஆறு வருஷத்துக்கு முன் அவள் டீச்சர் வேலையை விட்டபோது, "கிறுக்கல் சோறு போடுமா?" என்றார். "முள்ளைத் திருகுறது மட்டும் பெரிய வேலையா?" என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. கடிகாரம் நின்றால் ஏணி வைத்து ஏறலாம், வீம்புக்கு எந்த ஏணி எட்டும்? இந்த முறை அவளாகவே அழைப்பிதழ் அனுப்பியிருந்தாள். இதற்கும் வராவிட்டால் இந்த ஜென்மத்துக்குப் பேச்சில்லை என்றும் முடிவு செய்திருந்தாள்.

வந்தார். தங்கையைப் பார்க்காததுபோல் நேரே மணிக்கூண்டு ஓவியத்தின் முன் போய் நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் கடிகாரத்தைப் பொய் சொல்ல வெச்சுட்டியே! முள்ளு நாலு பத்துல நிக்குது. நிழல் தபாலாபீஸ் பக்கம் விழுது. சாயங்காலம் அந்தப் பக்கம் நிழல் விழுமா? பாக்கிறவன் கடிகாரம் கெட்டுப்போச்சுன்னுதானே நினைப்பான்? முப்பது வருஷத்துல ஒரு நாள் பிந்தினதில்ல!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் அவர் சொன்னது சரி. தெருவில் உட்கார்ந்தே மற்றதையெல்லாம் வரைந்தவள், கடிகார முகத்தை மட்டும் கடைசியில் வீட்டில் ஒரு போட்டோவைப் பார்த்து நிரப்பியிருந்தாள்.

"அப்ப நிழல்படி மணி என்ன, அண்ணா?"

அவர் குனிந்து பார்த்தார். "ரெண்டாவது படியைத் தொடுது. எட்டே முக்கால்." விரல் மேலே ஏறி, கூண்டின் சின்ன ஜன்னலில் நின்றது. ஜன்னல் திறந்திருந்தது. புறா நுழையும் என்று அதை எப்போதும் சாத்தியே வைப்பார். சாவி கொடுக்கும்போது மட்டும் திறப்பார்.

குரல் இறங்கிவிட்டது. "இது நான் உள்ள இருக்கிற நேரம்."

"தெரியும்."

"எத்தனை நாள் உட்கார்ந்திருந்தே?"

"பதினொரு நாள். எதிர்ல, ரொட்டிக்கடை வாசல்ல."

"மேல ஏறி வந்திருக்கக் கூடாதாம்மா?"

"நீங்க ஒரு தடவை கீழ எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் தூசி ஒன்றும் இல்லை. அவள் பைக்குள் தேடிச் சாயங்களை எடுத்து, பழைய முட்களை வெள்ளையால் மறைத்தாள். பிறகு மெல்லிய தூரிகையில் கறுப்பைத் தொட்டு அவரிடம் நீட்டினாள்.

"முள்ளைத் திருகுறது பெரிய வேலைதான். நீங்களே வைங்க."

தூரிகையை வாங்கிக் கடிகாரத்துக்கு நேரே பிடித்தார். "நான் வெச்சா கிறுக்கலாப் போயிடுமே."

"போகட்டும் அண்ணா," என்றாள். "கிறுக்கலும் சோறு போடும்."