செருப்பு வரிசை

“விளையும் பயிர் முளையிலேயே தெரியும்னு சொல்வாங்க. உங்களுக்கு இன்னும் தெரியலையா?” பெரிய டீச்சர் மறுபடியும் கதவருகே வந்து நின்றார். காலையிலிருந்து இதே பாட்டுதான். மாடியில் புதிதாகத் தொடங்கும் சிறப்பு வகுப்புக்கு, என் வகுப்பிலிருந்து ஒரே ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை நான் சொல்ல வேண்டும். எல்லாம் நாலு வயசு. முளை ஓரிடத்தில் நின்றால்தானே பார்க்க?

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில், “ரேடியோ” என்றேன். ஓயாமல் பேசும் பையனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. கேட்டதற்கும் பதில் சொல்வான், கேட்காததற்கும் சொல்வான். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

“அந்த உம்மணாமூஞ்சி?” என்று கேட்டார் பெரிய டீச்சர்.

“அவ இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கட்டும். வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும் அவளுக்கு.”

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் தினமும் செருப்புச் சண்டை. பிள்ளைகள் தூங்கி எழுந்து பாயைச் சுருட்டும்போது, இவள் மட்டும் வாசலுக்குப் போய்ச் செருப்புகளை இடம் மாற்றுவாள். மணி அடிப்பதற்குள் நான் திட்டிக்கொண்டே சின்னது முன்னால், பெரியது பின்னால் என்று திரும்ப அடுக்குவேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பார்த்தபடி நிற்பாள்.

இன்று பெயரைச் சொன்ன பிறகும் மனசு அடங்கவில்லை. உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்ததில் செருப்பு ஞாபகமே வரவில்லை. மணி அடித்தது, பிள்ளைகளை அழைத்துப்போக ஒவ்வொருவராக வந்தார்கள்.

“டீச்சர், இன்னிக்குத் தேடுற வேலையே இல்ல” என்றாள் ஆயாம்மா. “முதல்ல இருக்கிற சிவப்பு ஜோடிய விட்டுட்டா, கையில எடுக்கிறது எல்லாம் வந்து நிக்கிறவங்க பிள்ளையோடதுதான்.”

நான் நின்று பார்த்தேன். தையல்கார அம்மா வந்தார், அடுத்த ஜோடி அவர் மகனுடையது. நர்ஸ் வந்தார், அதற்கடுத்தது. தினமும் மூச்சு வாங்க ஓடிவரும் ரேடியோவின் அம்மாவுக்குக் கடைசி ஜோடி. யார் எப்போது வருவார்கள் என்று பார்த்துப் பார்த்து அவள் வைத்த வரிசை அது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

எல்லோரும் போய்விட்டார்கள். சிவப்புச் செருப்பு மட்டும் கிடந்தது. அது அவளுடையது. அவள் அப்பா பஸ் ஓட்டுகிறவர், எல்லோருக்கும் பிறகுதான் வருவார்.

“உன்னோடத ஏம்மா முதல்ல வெச்ச?”

“இன்னிக்கு முதல்ல வரேன்னு அப்பா சொன்னாரு.”

சொல்லிவிட்டு எழுந்து போய்த் தன் செருப்பை எடுத்து, காலியான வரிசையின் கடைசியில் வைத்தாள்.

மாடியில் பெரிய டீச்சர் அறையைப் பூட்டப் போகும் சாவிச் சத்தம் கேட்டது. “வா கண்ணு, மேல போலாம்” என்று கையைப் பிடித்தேன்.

“நான் வரல. அப்பா வந்தா தேடுவாரு.”

அவளை ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஓடினேன்.

“பூட்டாதீங்க மேடம். பேரை மாத்தணும். உம்மணாமூஞ்சிதான்.”

“ஏன், ரேடியோ கெட்டிக்காரன் இல்லையா?”

“கெட்டிக்காரன்தான். அவன் சொன்னதை எல்லாம் உட்கார்ந்து கேட்டேன். இவ செஞ்சதைத் தினமும் என் கையாலயே கலைச்சுட்டு இருந்தேன்.”