பங்காரிக்கு மூச்சு முட்டவேண்டும்

1

இந்தக் கதை ஒரு மிரட்டலில் பிறந்தது. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கர்நாடகத்துத் தார்வாடில் என்னோடு விடுதி அறையைப் பங்குபோட்டுக்கொள்ளும் துங்கவ்வா ஒருநாள் சொன்னாள்: "என்னைப் பத்தி எழுது, வேணாங்கல. ஆனா பாட்டுக்காரின்னு மட்டும் எழுதின, அடிச்சுப்போடுவேன்க்கா."

நான் ஏற்கெனவே அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தொடக்கம் இது:

"மழை பெய்யும் தார்வாட் மாலையில், பார்வையற்ற துங்கவ்வாவின் தம்புராவிலிருந்து"

போதும். இந்த ஊரில் கண் தெரியாத பெண் என்றால் உடனே கையில் தம்புராவைத் திணித்துவிடுவார்கள். அவள் கையிலும் திணித்தார்கள். சுதி நாலு தெரு தள்ளி நின்றது. வாத்தியார் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவைத்தார்.

(எனக்கும் கண் தெரியாது. கணினி வாசிக்கக் கேட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் சட்டென்று தாண்டிப்போகிற இந்த வளைவுகளைக்கூட அது "அடைப்பு திறப்பு", "அடைப்பு மூடல்" என்று வாய்விட்டுச் சொல்லும். அதனால் நான் அடைப்பை மூட மறக்கவே முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

2

துங்கவ்வாவின் ஆசை ஒன்றே ஒன்று. அவள் அக்கா பங்காரவ்வாவைக் கபடியில் தோற்கடிக்க வேண்டும்.

பங்காரி போலீஸ் அணியில் ஆடுகிறவள். சின்ன வயதில் வீட்டு முற்றத்தில் தங்கையோடும் ஆடுவாள். கபடி கபடி என்று பாடிக்கொண்டே வந்து, கைக்கு எட்டும் இடத்தில் காலை நீட்டி, பொத்தென்று விழுவாள்.

"அதுக்கப்புறம் என்ன சொல்வா தெரியுமா?" துங்கா அக்காவின் குரலிலேயே சொல்லிக்காட்டுவாள். "'யவ்வா, புடிச்சுட்டியே! நீதான் ஜெயிச்ச. போதும், வா, ரொட்டி சூடா இருக்கு.' எப்பவும் நான்தான் ஜெயிப்பேன். எப்பவும் ஒரே ஆட்டம். உடனே ரொட்டி. எனக்கு எவ்வளவு எரியும் தெரியுமாக்கா?"

ஆகவே திரையே இல்லாத ஒரு கணினிக் கபடி செய்யத் துணிந்தாள். எல்லாமே காதுதான். பாடி வருகிறவளின் குரல் இடது காதிலிருந்து வலது காதுக்கு நகரும். அது கிட்டே வரும்போது மற்றவள் விசையைத் தட்டிப் பிடிக்க வேண்டும். மூச்சு தீர்வதற்குள் பாடுகிறவள் திரும்பிவிட வேண்டும். இதில் கண் இருந்து என்ன, இல்லாமல் என்ன?

உகாதி வருஷப்பிறப்புக்குப் பங்காரி வருகிறாள். அதன்பின் தூரத்துப் பீதருக்கு மாற்றல், எப்போது பார்ப்பார்களோ. துங்காவோ அதுவரை ஒரு வரி நிரல் எழுதியவள் இல்லை.

3

"முதல்ல எந்த மொழி கத்துக்கறது?" கண் தெரியாதவர்கள் விளையாட்டுகளைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ஓர் இணைய மன்றத்தில் இதைக் கேட்டுவைத்தாள். கேட்டிருக்கவே கூடாது. கல்யாண வீட்டில் சாம்பாரைப் பற்றிக் கருத்துக் கேட்ட மாதிரி ஆகிவிட்டது. பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொன்னவர்கள் அதிகம். அவளும் பைத்தானையே எடுத்தாள்.

அதில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை வரிக்கு முன்னால் விடும் வெற்று இடம்தான் தீர்மானிக்கும். அந்த இடத்தைக் கணினி அவளுக்கு ஒரு சுரமாக ஒலித்துக்காட்டும். இடம் கூடக்கூடச் சுரம் ஏறும்.

(ஆகா என்று துள்ளினேன். சுதி சேராது என்று துரத்தப்பட்டவள் சுரத்தாலேயே நிரல் படித்து, வாத்தியாரின் முன்னால் தலைநிமிர்ந்து... இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. துங்கா அடிப்பாள்.)

நடந்தது வேறு. அக்கா தொலைபேசியில் பாடி அனுப்பியிருந்த குரலைப் போட்டு, ஒரு மத்தியானம் ஆட்டத்தை ஓடவிட்டாள். கபடி கபடி கபடி. நிற்கவில்லை. மூச்சைக் குறைக்கும் வரி, இருக்க வேண்டிய இடத்துக்கு வெளியே நின்றுவிட்டது. கபடி கபடி கபடி. எந்த விசையைத் தட்டியும் பயனில்லை. விடுதிக்காரி கமலவ்வா வந்து கதவை இடித்தாள்.

"யாருடி அது, மூச்சே விடாம? பாவம், அவளுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுங்கடி!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் துங்கா அழுதாள்.

"அந்த ரெண்டு சுரத்துக்கும் எனக்கு வித்தியாசமே கேக்கலக்கா. இங்கயும் அதே பாட்டு கிளாஸ்தான்."

(இடத்தை எண்ணிச் சொல்ல வைத்திருக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். வைத்தாள். எண்ணைக் கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு வரி மறந்துபோயிற்று. ஆளுக்கு ஆள் காது வேறு, விடுங்கள்.)

4

இந்தப் பகுதி முழுக்க நன்றி. பிடிக்காதவர்கள் ஐந்துக்குப் போகலாம்.

துருக்கியிலிருந்து நெஸ்ரின் என்ற பெண் அவளுக்கு எழுதினாள். பைத்தானிலேயே விளையாட்டுகள் செய்கிறவள், கண் தெரியாதவள். எழுதியது இவ்வளவுதான்: "எது நல்ல மொழின்னு ஊரைக் கேக்காதே. நீ தப்பு பண்ணினா எந்த மொழியில அது உன் காதுல விழுதோ, அதுல தொடங்கு. மத்ததெல்லாம் பிறகு வரும்."

துங்கா ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழிக்குத் தாவினாள். அதில் சேர்ந்து நிற்கும் வரிகளை நெளிந்த அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். திறந்தால் திறந்தேன் என்று காதில் விழும். மூடாவிட்டால் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அறை முழுக்க "கதவு திற, கதவு சாத்து" என்று முனகிக்கொண்டே திரிந்தாள். ஒருநாள் அக்காவின் குரல் கபடி கபடி என்று வந்து, திணறி, நின்றது. "அப்பாடா!" என்று வெளியிலிருந்து கமலவ்வா சொன்னாள்.

நெஸ்ரின், நீ நல்லா இருக்கணும். நான் பார்க்காத ஊரில், எனக்குப் புரியாத மொழியில் நீ என்ன பேசிக்கொண்டிருந்தாலும் சரி, நல்லா இருக்கணும். கணினிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த அத்தனை பேரும் நல்லா இருக்கணும். 

5

உகாதி. ஒரே கணினி, ஆளுக்கொரு காதொலிப்பான். எப்படி முடிக்கலாம்?

முடிவு அ: துங்கா தோற்கிறாள். மனசு வரவில்லை.

முடிவு ஆ: துங்கா ஜெயிக்கிறாள். இது அதைவிட மோசம். ஏனென்றால் பங்காரி வேண்டுமென்றே மூச்சு முட்டும்வரை நின்றுவிடலாம். பழைய பங்காரிதானே! அதைக் கண்டுபிடிக்கும் வரி எந்த மொழியிலும் கிடையாது. முந்தைய நாள் துங்காவே கேட்டாள்: "இதுலயும் அவ விழுந்துட்டா, நான் என்னக்கா பண்ணுவேன்?" 

நடந்தது ஆ. துங்கா ஜெயித்தாள்.

துங்காவின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.  பேச்சை மாற்றலாமென்று, "போளி ஆறுது, ரெண்டு பேரும் வாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பழைய ரொட்டிப் பேச்சு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போளி கெடக்குது போ!" பங்காரி மேசையைத் தட்டினாள். "ஏய் துங்கி, எந்திரிச்ச, காலை ஒடிப்பேன். இன்னொரு ஆட்டம் போடு!"

துங்காவின் நாற்காலி கிறீச்சென்று மேசையருகே திரும்பியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு தட்டு.

"போட்டுட்டேன். மூச்சைப் புடிச்சுக்கோ."

அந்த இரண்டாவது ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பாடு. கணினி "அடைப்பு திறப்பு" என்று சொல்லிவிட்டு என் காதில் காத்திருக்கிறது. மறக்கவில்லை, தெரிந்தேதான் விடுகிறேன்.

(இடது காதில் பங்காரி வருகிறாள், கபடி கபடி கபடி