நீல பியூஸ்

பாம்பன் பாலத்தில் ஏறும்போது பாட்டு நின்றுவிட்டது. கூடவே ஆன்டனி ராஜின் குரலும் நின்றது. "மாதாவே" என்று இழுத்துவிட்டு அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தவர், திறந்த வாயோடு கார் ரேடியோவைப் பார்த்தார். அதில் நேரம் காட்டும் பச்சை எழுத்தும் அணைந்திருந்தது.

"இருங்க, பாலத்தத் தாண்டி நிறுத்துறேன்" என்றாள் பிரெசில்லா.

மண்டபத்தில் ஓர் உடைமர நிழலில் காரை ஒதுக்கினாள். பொத்தானை அழுத்தினாள், பென்டிரைவைக் கழற்றி மாட்டினாள், செட்டின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆன்டனி ராஜ் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் அப்படித் திரும்பிக்கொண்டால் அன்றைக்கு முழுக்க ஒரு சத்தமும் வராது.

தங்கச்சிமடத்தில் விசைப்படகு டிரைவராக இருந்தவர் அவள் கணவர். போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகை இறக்கும் சமயத்தில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பேச்சும் போனது. எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது. மிஞ்சிய ஒரே சொல் 'ஆமா'. வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. கோபம் வந்தாலும் அதையேதான் கத்துவார்.

இராமநாதபுரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மலிகாதான் பாட்டைப் பற்றிச் சொன்னாள். பேச்சு போனவர்களுக்குச் சில சமயம் பாட்டு மட்டும் தங்கியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே வரலாம் என்றாள். ஆன்டனி ராஜ் கோயில் பாடற்குழுவில் இருந்தவர். திருவிழாவில் பதிவு செய்த பாட்டுகள், அவர் குரலும் சேர்ந்தவை, அந்தப் பென்டிரைவில் இருந்தன. வீட்டில் அவர் பாட மாட்டார். சுவருக்குச் சுவர் ஒட்டிய தெரு, கூடப் படகுக்குப் போனவர்கள் வாசலில் நடமாடுவார்கள், கூச்சம். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டால் மட்டும் தன் பழைய குரலோடு சேர்ந்து பாடுவார். பாடிக்கொண்டே போகிற நாளில் மலிகாவின் முன்னால் நாலு சொல்லாவது வரும். பாடாத நாளில் கல்லாக உட்கார்ந்திருப்பார்.

காரைக் கொடுத்தவன் அவள் தம்பி ஜெயபால். அவனுக்குப் போன் போட்டாள்.

"பழைய செட்டுக்கா அது, போயிருக்கும். தீவாளிக்கு வாரப்ப புதுசு மாட்டித் தாரேன், விடு."

"தீவாளி வரைக்கும் இவரு பேசாம இருக்கணுமாடா?"

அவள் போனை வைத்தபோதுதான் கவனித்தாள். சார்ஜரில் மாட்டியிருந்த போன் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜரின் சின்ன விளக்கும் எரியவில்லை. ஹாரன் அடித்துப் பார்த்தாள், அடித்தது. முன்விளக்கும் எரிந்தது. செட்டும் சார்ஜர் குழியும் மட்டும் ஒன்றாகச் செத்திருந்தன.

"ரெண்டுக்கும் ஒரே இடத்துலருந்துதான கரண்டு வரும்?" என்று அவரைக் கேட்டாள்.

அவர் திரும்பினார். படகு என்ஜினோடு இருபது வருடம் கிடந்தவர் அல்லவா, அந்தக் கேள்வி அவரை இழுத்துவிட்டது. இடது கையை நீட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழே காட்டினார். "ஆமா. ஆமா."

சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு அவள் கீழே இறங்கி, தரையில் முழங்கால் ஊன்றி உள்ளே தலையை நுழைத்தாள். ஓட்டுபவரின் முழங்கால் படும் இடத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. நெம்பினாள், வந்தது. உள்ளே பல நிறத்தில் பியூஸ்கள் வரிசையாக நின்றன. எது எதற்கு என்று மூடியில் ஒட்டியிருந்த தாள் உப்புக் காற்றில் வெளுத்து, எழுத்தே இல்லாமல் இருந்தது.

"சரி, ஒண்ணொண்ணாப் பாப்போம்."

ஒன்றைப் பிடுங்குவாள், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள், அவரிடம் காட்டுவாள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி முழுசாக இருந்தால் அவர் தலையாட்டுவார். அதை எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு அடுத்ததற்குப் போவாள். சிவப்பு, மஞ்சள், மறுபடி சிவப்பு. விரல் நுனி எரிந்தது, நகம் ஒன்று ஒடிந்தது. ஒரு நீல பியூஸை எடுத்து நீட்டியபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கம்பி நடுவில் அறுந்து, பிளாஸ்டிக்கின் உட்பக்கம் கரி படிந்திருந்தது. பியூஸின் தலையில் பதினைந்து ஆம்பியர் என்று போட்டிருந்தது.

உச்சிப்புளியில் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் வேல்ராஜ், ஒரு சுற்றுலா வேனுக்கு அடியில் கிடந்தான். காலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, "சாயங்காலம் வாங்கக்கா" என்றான்.

"பியூஸ் மட்டும் குடு தம்பி. நானே போட்டுக்கிறேன்."

அவன் எழுந்து வந்து டப்பாவைத் துழாவினான். "நீலம் ஒண்ணு ரெண்டுதான் கெடக்கு. மஞ்சள் தரவா? இருபது ஆம்பியர். இன்னும் நல்லாத் தாங்கும்."

"என்ன இருந்துச்சோ அதே குடு."

புதியதைச் செருகிச் சாவியைத் திருப்பினாள். பச்சை எழுத்து வந்தது. ஆர்மோனியம் ஒரு மூச்சு கேட்டது. உடனே டக்கென்று எல்லாம் அணைந்தது.

வேல்ராஜ் உதட்டைப் பிதுக்கினான். "செட்டுக்குள்ள ஷார்ட்டுக்கா. நீங்க எத்தன போட்டாலும் அடிச்சிரும். ஒரு செப்புக் கம்பி வச்சுக் கட்டி விடவா? ஊர் போய்ச் சேருற வரைக்கும் பாடும்."

ஆன்டனி ராஜ் கதவைத் திறந்து, இடது கையால் காரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். உள்ளே குனிந்து பியூஸ் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "ஆமா! ஆமா!" என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"அண்ணனே ஆமாங்கிறாரே" என்றான் வேல்ராஜ்.

"வேணாம்னு சொல்றாரு தம்பி. கம்பி கட்டுனா வயரு எரியும்."

வேல்ராஜ் அவர் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டான். "சரிண்ணே, கட்டல" என்றான்.

பிரெசில்லா யோசித்தாள். பாலத்தில் ஏறும் முன் என்ன செய்தோம்? போன் சார்ஜ் இல்லை என்று சார்ஜரைக் குழிக்குள் அழுத்தினோம். அதன் பிறகுதான் பாட்டு நின்றது. இப்போதும் சார்ஜர் அதே குழியில்தான் இருக்கிறது.

சாவியை அணைத்தாள், எரிந்த பியூஸையும் பிடுங்கினாள், சார்ஜரை உருவினாள். போன் வெளிச்சத்தில் குழிக்குள் பார்த்தாள். அடியில் ஏதோ மினுங்கியது. வேல்ராஜ் கடை வாசல் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கொடுத்தான். அவள் மெல்லத் தள்ளித் தள்ளி மேலே கொண்டுவந்தாள். மாத்திரை அட்டையிலிருந்து கிழிந்த வெள்ளித்தாள் துண்டு, ஷார்ட் ஆனது அதனால்தான். வண்டி ஓட்டிக்கொண்டே அவருக்கு மாத்திரை பிரித்துக் கொடுக்கும் பழக்கம் அவளுடையதுதான்.

"செட்டு நல்லாத்தான் இருக்கு" என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடையில் மிஞ்சியிருந்த நீலத்தைப் போட்டாள். சாவியைத் திருப்பினாள். ஆர்மோனியம் வந்தது, தபேலா வந்தது, பிறகு பத்துப் பேர் குரலும் அதில் அவர் குரலும் வந்தன. அணையவில்லை. மூவரும் முதல் சரணம் முடியும்வரை அசையாமல் நின்றார்கள்.

மலிகாவிடம் போக நேரமாகிவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டு விரட்டினாள். அவர் முதலில் வெறுமனே உதட்டை அசைத்தார். பிறகு பாடினார், சில இடம் குழறி, சில இடம் சுத்தமாக. எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்காமல் அவள் ஒரு லாரியை முந்தப் போனபோது அவர் டேஷ்போர்டை அறைந்தார்.

"மெ… மெதுவா போடி!"

அவள் பிரேக்கை மிதித்தாள். லாரி முன்னால் போயிற்று. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அந்தச் சொல் பாட்டில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். அவரும் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர்போல உட்கார்ந்திருந்தார்.

"போறேன், மெதுவாவே போறேன்" என்றாள் பிரெசில்லா. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கியருக்கு மாற்றினாள்.