காசிமிர் எலெண்டுவின் மனைவி எங்கே?

வாங்கிவந்த அகாரா வடைகள் பொட்டலத்திலேயே ஆறிக்கொண்டிருந்தன. தையல் மெஷினின் முன்னால் உட்கார்ந்து உகோன்மா கைபேசியை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் இதே இடத்தில் உட்கார்ந்து, ஒரு சினிமா பக்கத்தில் விளையாட்டாகப் போட்ட கமெண்ட். காசிமிர் எலெண்டுவின் புதுப்படம். மந்திரவாதி, நரபலி கொடுப்பவன் வேடம் என்றால் அசாபா நகரில் படம் எடுக்கிறவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கீழே வழக்கமான கூத்து. 'இவரு முழியப் பாத்து எங்க வீட்டுக் கோழி முட்டை போடறதையே நிறுத்திடுச்சு' என்று ஒருவன். 'காட்டு மந்திரவாதிக்கு அடிடாஸ் செருப்பு' என்று ஒருத்தி. உகோன்மா தன் பங்குக்கு எழுதினாள்: 'இது நடிப்புன்னா நினைக்கிறீங்க? அவரு பொண்டாட்டிய சமீபத்துல யாராவது பாத்தீங்களா?'

சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. புருஷன் ஒக்வுதிலியிடம் காட்டினாள், அவனும் சிரித்தான். விடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

'நான் அவங்க தெருதான். அந்தம்மா வெளிய வந்து மாசக்கணக்காச்சு.'

'சர்ச்சுக்கும் வர்றதில்ல.'

'படத்துல வர்ற மண்டை ஓடெல்லாம் நிஜமாம்.'

அதன் கீழே அவர் வீட்டு இரும்புக் கதவின் படம். 'இன்னைக்குப் போய்க் கேப்போம், வாங்க.'

'ஐயோ, நான் சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்' என்று எழுதினாள். உடனே பதில் வந்தது: 'அக்காவ மிரட்டிட்டாங்க. பயப்படாதீங்கக்கா, நாங்க இருக்கோம்.' கமெண்டை அழித்தாள். அதைப் படம் பிடித்து வைத்திருந்த எவனோ, 'பாருங்க, அழிக்க வெச்சுட்டான்' என்று மறுபடியும் போட்டான். அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஒருமுறை சந்தையில், ஒருவனைப் பார்த்துத் திருடன் என்று யாரோ கத்தினார்கள். ஒரு குரல்தான். அவன் கழுத்தில் மாட்டிக் கொளுத்திய பழைய டயர் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அந்த வாடை பல நாள் தலைமுடியில் இருந்தது.

வெளியே ஒக்வுதிலியின் ஆட்டோ வந்து நின்றது. அவன் இறங்காமலே கத்தினான். "உகோ, கடையைச் சாத்து. எலெண்டு வீட்டு முன்னாடி ரோடே அடைச்சுக் கெடக்கு. ஒருத்தன் பெட்ரோல் கேனோட நிக்கிறான்."

"போலீஸு?"

"சொல்லியாச்சு. வர்றோம்னானுங்க."

அவள் பின்சீட்டில் ஏறினாள். "அங்க விடு."

"பைத்தியமா உனக்கு? எழுதினது நீன்னு தெரிஞ்சா என்னாகும்?"

"தெரியட்டும்னுதான் போறேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பினான்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு கதவு வரை போனாள். "அத எழுதினது நான்தான்! எனக்கு எதுவும் தெரியாது! பொய்!" என்று கத்தினாள்.

"யாரு இவ? அவன் அனுப்பின ஆளா?" பெட்ரோல் கேன்காரன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். முதுகு இரும்பில் மோதியது. யாரோ கல்லெறிந்தார்கள், அது அவள் காதோரம் கதவில் பட்டுத் தெறித்தது. ஒக்வுதிலி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கோ தூரத்தில் கேட்டது.

அப்போது முதுகுக்குப் பின்னால் தாழ் விலகியது.

எலெண்டு கிழிந்த பனியனில் நின்றார். படத்தில் வரும் பாசிமணி இல்லை, முகத்தில் வெள்ளைப் பூச்சு இல்லை. முழங்கால் வலிக்காரரைப் போல ஒரு சாய்வு. கண்கள் மட்டும் அதே கண்கள். சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளிவந்தார்.

"இதோ இருக்கா. பாத்துக்கோங்க."

அந்த அம்மாளின் முகத்தில் பாதி கீழே இழுத்துக்கொண்டு கிடந்தது. வாயோரம் எச்சில். வெயில் தாங்காமல் ஒரு கண் மூடியது, மற்றது மூடவில்லை.

"பக்கவாதம். இந்த முகத்த யாருக்கும் காட்டாதீங்கன்னு கேட்டுக்கிட்டா. காட்ட வெச்சுட்டீங்க."

கேன் வைத்திருந்தவன் அதைத் தன் காலுக்குப் பின்னால் நகர்த்தினான். பின்வரிசையில் ஒரு கைபேசி உயர்ந்தது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. அப்புறம் எல்லாப் பக்கமும்.

உகோன்மா உடைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, இரண்டு கைகளாலும் நாற்காலிக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"நீதானா அது?" பின்னாலிருந்து எலெண்டுவின் குரல் மெல்லக் கேட்டது.

அவள் திரும்பாமல் தலையாட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஒசரமாப் புடி."

கூட்டத்திலிருந்து துணிக்கு மேலாகக் கைபேசியோடு ஒரு கை எழும்பியது. அவள் நுனிக்காலில் நின்றாள்.