அபேனியின் குரல்

எங்கள் லாகோஸில் கல்யாண மேளக்காரன் விருந்தாளியின் பெயரை மேளத்தாலேயே சொல்லிப் புகழ்வான். கம்ப்யூட்டரில் தாளம் கட்டும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. பாட்டுத் தொடங்குமுன் எங்கள் பெயரை யார் குரலிலாவது பதித்துவிடுவோம். பாடுகிறவன் எவனாக இருந்தாலும், தாளம் யாருடையது என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே.

எனக்கு வாய்த்தது அபேனியின் குரல். காதலித்த காலத்தில், மைக் திறந்திருப்பது தெரியாமல், "லேக்கன், அமாலா ஆறுது!" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள். அப்படியே வைத்துக்கொண்டேன். அமாலா களியா கறியா என்று தெரியாத லண்டன்காரர்கள்கூட இன்று அதைச் சேர்ந்து கத்திவிட்டுத்தான் ஆடுகிறார்கள். அபேனிதான் என்னை விட்டுப் போய்விட்டாள்.

போன வாரம் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அவளுக்குக் கல்யாணமாம்.

"உனக்குத் துணி கொண்டுவரல. தப்பா எடுத்துக்காத."

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்களெல்லாம் ஒரே துணியில்தான் போவோம். துணி இல்லையென்றால் அழைப்பும் இல்லை.

"என்ன கலரு?"

"ஆரஞ்சு."

"தப்பிச்சேன். போட்டா கேஸ் சிலிண்டர் மாதிரி இருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. "பஸ்ல, சந்தையில, எங்க போனாலும் நான் உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். வரப்போற மாமியார் கேக்குறாங்க, 'யாரும்மா அந்த லேக்கன், இன்னுமா சாப்பிடல?'ன்னு. எடுத்துடுப்பா."

"வெளிவந்த பாட்டெல்லாம் கம்பெனி சொத்து. நான் தொட முடியாது."

"இனி வர்றது?"

அது என் கையில்தான் இருந்தது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அது ஒன்றுதான்.

"அது இல்லாட்டி என் பாட்டுன்னு எவன் கண்டுபிடிப்பான்?"

"அதுக்காக என்னை ஊரே கண்டுபிடிக்கணுமா?"

கம்ப்யூட்டரில் அந்தக் குரலைத் தேடி எடுத்து, "நீயே அழிச்சிடு" என்றேன்.

ஒருமுறை கேட்டாள். "எவ்வளவு கோவமா கத்தியிருக்கேன்!"

"உனக்குப் பசி."

"எனக்கில்ல. நீ காலையிலேர்ந்து சாப்பிடல."

அழித்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மாலையில் புதுப் பாடகன் வந்தான். அவனுக்கான தாளத்தின் தொடக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன். அங்கே வேறெதையும் வைக்க மனம் வரவில்லை.

"அண்ணே, இங்க ஏதோ விட்டுப்போச்சு" என்றவன், நான் வாய் திறப்பதற்குள் மைக்கைப் பிடித்துத் தன் பெயரையே இரண்டு தடவை கூவினான்.

"எப்படிண்ணே?"

"நல்லாருக்கு," என்றேன். "இருக்கட்டும்."